செல்லுக்கும் மறுபிறவி உண்டு!

(இரண்டாம் ஆண்டு, டிப்ளமா மெக்கானிக்கல்)



மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குச் செல், மரபணு எல்லாம் எதுக்கு என்று நீங்களும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்லப் போகும் இந்தக் கண்டுபிடிப்பில் ஒரு இன்ஜினீயரிங் பட்டதாரியின் யோசனை முக்கியமான இடத்தில் கைகொடுத்திருக்கிறது. அது யார், என்ன யோசனை என்பது பின்னால் வரும். அதுவரை பொறுமை!

விஷயம் இதுதான். வளர்ந்து முடிந்த ஒரு தோல் செல்லை, கருவில் இருந்த அந்த ஆரம்ப நிலைக்கே திருப்பிக் கொண்டுபோக முடியுமா? முடியும் என்று 2006-ஆம் ஆண்டு ஜப்பானில் செய்து காட்டிவிட்டார்கள். அப்படித் திரும்பும்போது செல்லுக்குள் எது மாறுகிறது, எது மாறுவதே இல்லை, எது சரியாக மாறாமல் மிச்சம் நிற்கிறது? இந்த மூன்றையும் நமக்குப் பழக்கமான ஒர்க்ஷாப் பாஷையிலேயே சொல்லப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் ஞாபகம் இருந்தால் போதும்.

ஒரே டிராயிங், வேறு வேறு ஷாப்

நம் உடம்பில் 30 லட்சம் கோடிக்குக் குறையாத செல்கள் இருக்கின்றன. தோல் செல், நரம்புச் செல், தசைச் செல், ஈரல் செல் என்று 200-க்கும் மேற்பட்ட வகைகள். இத்தனையும் எங்கிருந்து வந்தன? கருவுற்ற ஒரே ஒரு முட்டைச் செல்லில் இருந்து! அது இரண்டாகி, நாலாகி, எட்டாகிப் பெருகியதுதான் நாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிவப்பணு போன்ற சிலவற்றைத் தவிர, ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. ஒரு முழுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். புரதம் செய்யும் குறிப்புகளான மரபணுக்கள் சுமார் 20,000. கண்ணில் இருக்கும் செல்லுக்கும் குதிகாலில் இருக்கும் செல்லுக்கும் ஒரே புத்தகம்தான்.

ஒரு பெரிய தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஃபவுண்டரி, மெஷின் ஷாப், வெல்டிங் ஷாப், பெயிண்ட் ஷாப் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு ஷாப்பிலும் ஒரு பீரோ. அந்தப் பீரோவில் அந்த ஷாப்புக்கு வேண்டிய டிராயிங் மட்டும் இல்லை. தொழிற்சாலையின் மொத்த டிராயிங்கும் இருக்கிறது. ஆனால் ஃபவுண்டரிக்காரர் ஃபவுண்டரி டிராயிங்கை மட்டும்தான் திறக்க முடியும். மற்றதை எல்லாம் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறது. நம் செல்லும் அப்படித்தான். நரம்புச் செல்லுக்குள் ஈரல் வேலைக்கான குறிப்பும் இருக்கிறது. திறக்க வழியில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தப் பூட்டு எது?

பூட்டு எங்கே இருக்கிறது?

ஒரு செல்லின் டி.என்.ஏ. நூலை எல்லாம் சேர்த்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் நியூக்ளியஸின் விட்டமோ சுமார் 6 மைக்ரான்தான். நம்ம மெட்ராலஜி லேபில் இருக்கிற சாதாரண மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான். அந்த ஒரு கோட்டளவுக்கும் குறைந்த இடத்தில் 2 மீட்டர் நூல்!

எப்படி அடங்குகிறது? மோட்டார் ரீவைண்டிங் கடையில் பாபினில் கம்பி சுற்றுகிறார்களே, அதே கதைதான். ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு பாபின். ஒவ்வொரு பாபின் மேலும் டி.என்.ஏ. நூல் ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியிருக்கும். எழுத்துக் கணக்கில் 147 எழுத்து. இப்படிக் கோடிக்கணக்கான பாபின்கள்.

பூட்டு இரண்டு இடத்தில் விழுகிறது. முதலாவது, டி.என்.ஏ. எழுத்தின் மேலேயே. டி.என்.ஏ.வின் நாலு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். அதன் மேல் மீத்தைல் என்ற சின்ன வேதிக் குறி ஒட்டிக்கொள்ளும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவே. மரபணு ஆரம்பிக்கும் இடத்தில் இந்தக் குறி நெருக்கமாக விழுந்துவிட்டால், அந்த மரபணு பேசாது. இரண்டாவது பூட்டு, பாபின் மேல். ஹிஸ்டோனின் வால்களில் அசிட்டைல் குறி ஒட்டினால் சுற்று தளர்ந்து டிராயிங் திறந்துகொள்ளும். அதை எடுத்துவிட்டு வேறு சில குறிகளை ஒட்டினால் சுற்று இறுகி மூடிக்கொள்ளும்.

எழுத்து ஒன்றுகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்தின் மேல் விழுந்த குறிதான் மாறுகிறது. இப்படி மரபணுவுக்கு மேலே இருந்து ஆட்டிவைக்கும் சங்கதிகளைப் படிப்பதற்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். 'எபி' என்றால் கிரேக்க மொழியில் 'மேலே'. 1942-ல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கான்ராட் வாடிங்டன். செல்லின் வாழ்க்கையை அவர் மலைச்சரிவில் உருளும் பந்தாக வரைந்து காட்டினார். உச்சியில் இருக்கும்போது எந்தப் பள்ளத்தாக்குக்கும் போகலாம். ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டால் அடுத்த பள்ளத்துக்குத் தாவ முடியாது. மேலேயும் ஏற முடியாது.

இந்தக் குறிகள் செல்லின் ஒரு தலைமுறையோடு போய்விடுவதும் இல்லை. செல் பிரியும்போது, பழைய இழையில் மீத்தைல் குறி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் புது இழையிலும் அதே இடத்தில் குறி போட ஒரு நொதி இருக்கிறது. நாம் ஜிக் வைத்து ஒரே இடத்தில் டிரில் போடுகிறோமே, அந்த மாதிரி. அதனால்தான் தோல் செல் பிரிந்தால் தோல் செல்லே வருகிறது. முழங்கையில் பட்ட சிராய்ப்பு ஆறும்போது அங்கே பல் முளைப்பதில்லை!

தவளை சொன்ன பாடம்

ஒரு காலத்தில் விஞ்ஞானிகளுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. தோல் செல் ஆன பிறகு ஈரல் குறிப்பை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? வேண்டாத பக்கங்களைச் செல் கிழித்தே போட்டுவிடுமோ? அப்படிக் கிழித்திருந்தால் திரும்பிப் போகிற பேச்சுக்கே இடமில்லை.

இதற்குப் பதில் சொன்னவர் ஜான் கர்டன். இவரைப் பற்றி நம் மாதிரி மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் உயிரியல் பாடத்தில் 250 பேரில் 250-ஆவது இடம்! இவன் விஞ்ஞானி ஆக நினைப்பதே கேலிக்கூத்து என்கிற அர்த்தத்தில் ஆசிரியர் 1949-ல் அறிக்கை எழுதினார். கர்டன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் மேஜைக்கு மேலேயே மாட்டி வைத்திருந்தார்.

அவர் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த சோதனை இது. ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டையை எடுத்து, அதன் நியூக்ளியஸைப் புற ஊதாக் கதிரால் அழித்தார். அந்த இடத்தில் தலைப்பிரட்டையின் குடல் செல்லில் இருந்து எடுத்த நியூக்ளியஸை வைத்தார். பெரும்பாலான முட்டைகள் வீணாயின. ஆனால் சில முட்டைகள் நீந்துகிற தலைப்பிரட்டைகள் ஆகிவிட்டன! குடல் செல்லுக்குள் கண், வால், நரம்பு எல்லாவற்றுக்கும் குறிப்பு இருந்திருக்கிறது. ஒரு பக்கமும் கிழியவில்லை. 1962-ல் இந்தக் கட்டுரை வெளிவந்தது.

பிறகு 1996 ஜூலையில் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆராய்ச்சிக் கூடத்தில் டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்தது. ஆறு வயது ஆட்டின் பால்மடிச் செல்லின் நியூக்ளியஸில் இருந்து வந்த குட்டி அது. 277 முட்டைகளில் முயன்று பிழைத்தது அது ஒன்றுதான். பாலூட்டிக்கும் இது பொருந்தும் என்று உலகம் தெரிந்துகொண்டது.

ஆக, பூட்டியிருப்பது வேறு, இல்லாமலே போவது வேறு. முட்டைக்குள் ஏதோ ஒன்று எல்லாப் பூட்டையும் திறந்துவிடுகிறது. அந்தச் சாவி எது?

இருபத்து நாலில் நாலு

கர்டனின் கட்டுரை வந்த அதே 1962-ல்தான் ஜப்பானின் ஒசாகாவில் ஷின்யா யமனாகா பிறந்தார். அவருடைய அப்பா தையல் மெஷினுக்கான பாகங்கள் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தவர். மகன் மருத்துவம் படித்து எலும்பு அறுவை மருத்துவராகப் பயிற்சி எடுத்தார். கை வேகம் போதவில்லை. கூட இருந்த மூத்த மருத்துவர்கள் 'ஜமனாகா' என்று பட்டப் பெயர் வைத்தார்களாம். ஜப்பானிய மொழியில் 'ஜமா' என்றால் இடைஞ்சல்! அறுவை சிகிச்சையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தார்.

கருவின் ஆரம்பச் செல்களில் மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்யும் மரபணுக்களில் 24-ஐ அவர் பட்டியல் போட்டார். இவற்றில் எதெது சாவி? ஒவ்வொன்றாக எலியின் தோல் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகச் சேர்த்துப் பார்ப்பதென்றால் கணக்கே கட்டுப்படியாகாது.

இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன ஆள் வருகிறார். யமனாகாவின் மாணவர் கசுதோஷி தகஹாஷி. இவர் இன்ஜினீயரிங் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர். இவர் தலைகீழாக யோசித்தார். முதலில் 24-ஐயும் மொத்தமாகச் செலுத்துவோம். பிறகு ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் பார்ப்போம். எதை எடுத்தால் வேலை நின்றுபோகிறதோ அது முக்கியம்!

நண்பர்களே, இது நம்ம ஃபால்ட் ஃபைண்டிங் இல்லையா? அந்த முறையில் 24 பத்தாகச் சுருங்கியது. பத்து நாலாகச் சுருங்கியது. ஆக்ட்-4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்-4, சி-மிக் என்பவை அந்த நாலு. 2006-ல் எலிச் செல்லில் வெற்றி. 2007-ல் மனிதச் செல்லிலும் வெற்றி. அதே சமயத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழுவும் சற்று வேறுபட்ட நாலு மரபணுக்களால் மனிதச் செல்லை மாற்றிக் காட்டியது.

இப்படிக் கிடைத்த செல்லுக்கு ஐ.பி.எஸ். செல் என்று பெயர். போலீஸ் ஐ.பி.எஸ். இல்லைங்க! நாமாகத் தூண்டிவிட்டு உண்டாக்கிய, உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய தண்டுச் செல் என்று அர்த்தம். ஸ்டெம் செல் என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அதில் ஒரு வகை.

2012-ல் கர்டனுக்கும் யமனாகாவுக்கும் சேர்த்து நோபல் பரிசு. அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது யமனாகா வீட்டில் சத்தம் போட்ட வாஷிங் மெஷினைச் சரிசெய்யப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பட்டறைக்காரர் மகன் அல்லவா!

பூட்டு திறக்கும் விதம்

சரி, அந்த நாலும் உள்ளே போய் என்ன செய்கின்றன? எலிச் செல்லுக்கு இரண்டு மூன்று வாரம், மனிதச் செல்லுக்கு ஒரு மாதம் போல ஆகும் வேலை இது. கட்டம் கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டத்தில் பழைய வேலை நிற்கிறது. நாலில் முதல் மூன்றுக்கும் ஒரு விசேஷத் திறமை உண்டு. மற்றப் புரதங்கள் திறந்திருக்கும் டிராயிங்கைத்தான் படிக்கும். இவையோ இறுக்கிச் சுற்றிய பாபின் மேலேயே போய் உட்கார்ந்து, அதைத் தளர்த்த ஆள் கூட்டி வரும். அதே நேரம், தோல் மரபணுக்களைத் திறந்து வைத்திருந்த அசிட்டைல் குறிகள் உதிர்கின்றன. நீளமாக, கதிர் மாதிரி கிடந்த செல் சுருங்கி, பக்கத்துச் செல்லோடு ஒட்டி, கூட்டமாகச் சேர்கிறது. இதை மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்கலாம்.

இரண்டாம் கட்டம்தான் கஷ்டம். பழைய வேலையும் போச்சு, புது வேலையும் கிடைக்கவில்லை என்ற நிலையில் பெரும்பாலான செல்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. சில செத்துப்போகும், சில பழையபடி திரும்பிவிடும். ஆரம்ப காலச் சோதனைகளில் ஆயிரம் செல்லுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

தேறியவற்றில் கடைசிக் கட்டம் நடக்கிறது. கருநிலை மரபணுக்களின் வாசலில் பல காலமாக ஒட்டியிருந்த மீத்தைல் குறிகள் அப்போதுதான் கழல்கின்றன. செல்லின் சொந்த ஆக்ட்-4, நானாக் போன்ற மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவை ஒன்றையொன்று தூண்டித் தாமே ஓட ஆரம்பிக்கின்றன.

எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இது உடனே புரியும். மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அழுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதே, ஏன்? ஹோல்டிங் கான்டாக்ட் பிடித்துக்கொள்கிறது. நாம் வெளியிலிருந்து செலுத்திய நாலு மரபணுக்களும் பச்சைப் பட்டன். செல்லின் சொந்த மரபணுக்கள்தான் ஹோல்டிங் கான்டாக்ட். அவை பிடித்துக்கொண்ட பிறகு, வெளியிலிருந்து வந்தவை ஊமையானாலும் செல் ஐ.பி.எஸ். செல்லாகவே இருக்கும். பிடிக்கவில்லை என்றால், பட்டனிலிருந்து கையை எடுத்ததும் எல்லாம் நின்றுபோகும்.

மீத்தைல் குறியைக் கழற்றுவதற்கு என்றே செல்லில் சில நொதிகள் உண்டு. அவற்றுக்கு வைட்டமின் சி துணை செய்கிறது. செல் வளர்க்கும் திரவத்தில் வைட்டமின் சி சேர்த்தால் கூடுதல் செல்கள் தேறுகின்றன என்று 2010-ல் சீன விஞ்ஞானிகள் காட்டினார்கள். அதற்காக நெல்லிக்காய் தின்றால் நம் செல் எல்லாம் குழந்தைச் செல் ஆகிவிடும் என்று யாரும் கிளம்ப வேண்டாம்! இது கண்ணாடித் தட்டில், நாலு சாவிகளோடு சேர்ந்து நடப்பது.

பழைய வாசனை போகுமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறோம். எல்லாக் குறியும் சுத்தமாக அழிந்துவிடுகிறதா?

இயற்கையில், முட்டை கருவுற்ற சில நாட்களிலேயே அப்பா வழி வந்த குறி, அம்மா வழி வந்த குறி இரண்டும் ஏறக்குறைய துடைக்கப்பட்டுவிடுகின்றன. கட்டாயம் இருக்க வேண்டிய சில மட்டும் காக்கப்படும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் துடைப்பு அவ்வளவு நேர்த்தியாக இல்லை.

2010-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரண்டு குழுக்கள் இதைக் கண்டுபிடித்தன. எலியின் ரத்தச் செல்லில் இருந்து செய்த ஐ.பி.எஸ். செல்லை மறுபடி ரத்தச் செல் ஆகச் சொன்னால் சுலபமாக ஆகிறது. வேறு வகை ஆகச் சொன்னால் தயங்குகிறது. தோல் வழி வந்ததைச் சோதித்தால் மீத்தைல் குறிகளில் தோலின் சாயல் தெரிகிறது. எழுத்தில் வித்தியாசம் இல்லை. குறியில்தான் பழைய வாசனை. இதற்கு எபிஜெனெடிக் ஞாபகம் என்று பெயர் வைத்தார்கள். செல்லைப் பல தடவை பிரிந்து பெருக விட்டால் இந்த ஞாபகம் மெல்லக் குறைகிறது என்பதும் அப்போதே தெரிந்தது.

2011-ல் மனித ஐ.பி.எஸ். செல்களின் டி.என்.ஏ. முழுவதும் மீத்தைல் குறிகளை வரிசையாகப் படித்துப் பார்த்தார்கள். குரோமோசோமின் நடுப்பகுதியை ஒட்டியும் முனைகளை ஒட்டியும் சில பெரிய வட்டாரங்கள் திரும்பத் திரும்பத் தவறாகவே மாறுகின்றன என்று தெரிந்தது. 2023-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். மாற்றம் நடக்கும்போது நடுவில் சில நாட்கள், கருவின் மிக ஆரம்ப நிலைக்குச் சமமான சூழலில் செல்லை வைப்பது. இயற்கையே குறிகளைத் துடைக்கிற நிலை அது. பிறகு வழக்கமான நிலைக்குக் கொண்டுவருவது. இப்படிச் செய்தால் பழைய ஞாபகம் பெருமளவு துடைபடுகிறது.

பாதியில் நிறுத்தினால் ஆபத்து

இது ஏதோ நுணுக்கமான ஆராய்ச்சிச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். உயிர்ப் பிரச்சினை.

2014-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், உயிருள்ள எலியின் உடலுக்குள்ளேயே நாலு மரபணுக்களையும் 7 நாள் மட்டும் இயங்கவிட்டு நிறுத்தினார்கள். சிறுநீரகத்தில், குழந்தைகளுக்கு வரும் ஒரு வகைப் புற்றுநோய் போன்ற கட்டிகள் வந்தன. அந்தக் கட்டிச் செல்லையே முழுமையாக ஐ.பி.எஸ். செல் ஆக்கிப் பார்த்தபோது, அதிலிருந்து ஒழுங்கான சிறுநீரகச் செல்கள் உண்டாயின! அப்படியானால் எழுத்து கெட்டதால் வந்த நோய் அல்ல அது. பாதி திறந்து பாதி பூட்டி நின்ற குறிகளால் வந்த நோய்.

இதே விஷயத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2016-ல் அமெரிக்காவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில், சீக்கிரமே மூப்படையும் நோயுள்ள எலிகளுக்கு அந்த நாலையும் வாரத்தில் 2 நாள் இயக்கி 5 நாள் நிறுத்தி வைத்தார்கள். அந்த எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. ஒரே சாவிதான், எவ்வளவு திருப்புகிறோம் என்பதில்தான் மருந்தும் விஷமும். போதாததற்கு, நாலில் ஒன்றான சி-மிக் புற்றுநோயோடு நெருங்கிய சம்பந்தம் உடையது. அதனால்தான் அதை விட்டுவிட்டோ மாற்றியோ செய்யும் முறைகளைப் பிறகு கண்டுபிடித்தார்கள்.

மருந்தாகுமா?

2014 செப்டம்பரில் ஜப்பானின் கோபே நகரில், 70 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு, அவருடைய தோலில் இருந்து செய்த ஐ.பி.எஸ். செல்லை விழித்திரைக்கு அடியில் இருக்கும் செல்லாக வளர்த்துக் கண்ணில் வைத்தார்கள். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகும் நோய் அவருக்கு. பார்வை பெரிதாகத் திரும்பவில்லை. ஆனால் மேலும் கெடாமல் நின்றது. கட்டியும் வரவில்லை.

இரண்டாவது நோயாளிக்கும் செல் தயாரானது. சோதித்துப் பார்த்தபோது அந்தச் செல்லின் டி.என்.ஏ.வில் சில மாற்றங்கள் தெரிந்தன. மருத்துவர் மசாயோ தகஹாஷியின் குழு அதை நோயாளியின் கண்ணில் வைக்காமல் நிறுத்திவிட்டது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சந்தேகம் என்றதும் நிறுத்தினார்கள் பாருங்கள்!

2025-ல் கியோட்டோவில் பார்க்கின்சன் நோயாளிகள் 7 பேருக்கு ஐ.பி.எஸ். செல்லில் இருந்து வளர்த்த நரம்புச் செல்களை மூளையில் வைத்துக் கண்காணித்த முடிவு வெளியானது. பெரிய கெடுதல் இல்லை, செல்கள் பிழைத்திருக்கின்றன என்ற அளவில் அது நல்ல செய்தி. 2006-லிருந்து கணக்குப் போட்டால் ஏறத்தாழ இருபது வருஷ உழைப்பு, நோயாளிகள் ஏழு பேர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

வீட்டுக்கு வந்த நோட்டீஸ்

எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு வருஷமாக நேராகப் பார்த்தால் முகம் தெரியவில்லை; ஓரத்தில் இருப்பது தெரிகிறது. அரசு மருத்துவமனையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்றார்கள். அந்தச் சமயத்தில் அப்பா சென்ட்ரிங் வேலை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ் வாங்கி வந்தார். கண், மூட்டு, சர்க்கரை, பக்கவாதம் எல்லாவற்றையும் ஸ்டெம் செல் ஊசியால் குணப்படுத்துவோம் என்று போட்டிருந்தது. போன் செய்து கேட்டதில் இரண்டு லட்சம் என்றார்கள்.

"தம்பி, நீதான் படிச்சிருக்கே. என்ன ஏதுன்னு பார்த்துச் சொல்லுப்பா. அம்மா சங்கிலியை வச்சாவது செஞ்சுரலாம்" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வீட்டுக்கு எந்தப் பேப்பர் வந்தாலும், ரேஷன் கார்டில் இருந்து பேங்க் நோட்டீஸ் வரை, படித்துச் சொல்ல வேண்டியவன் நான்தான். உங்களில் பல பேருக்கும் இதே நிலைதான் என்று எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையில் இருப்பதை எல்லாம் நான் தேடிப் படித்தது அந்த நோட்டீஸால்தான்.

படித்ததில் தெரிந்தது இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், ரத்தம் உண்டாக்கும் செல்களை மாற்றி வைக்கும் சிகிச்சையைத்தான் வழக்கமான சிகிச்சையாக ஏற்றிருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுவது என்கிறோமே, அதுதான். மற்ற ஸ்டெம் செல் முறைகளை அனுமதி பெற்ற பரிசோதனையாக மட்டுமே செய்யலாம். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்கூட ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ரத்த நோய்களைப் புரிந்துகொள்ள அங்கே ஐ.பி.எஸ். செல்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். அதெல்லாம் ஆராய்ச்சி. பஸ் ஸ்டாண்ட் நோட்டீஸ் வேறு.

நான் அப்பாவிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். போன் செய்து அவரே கேட்டார். எந்தச் செல்லை எங்கிருந்து எடுத்து என்னவாக மாற்றி வைக்கிறீர்கள்? இது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவானதா, எண் என்ன? கட்டி வராது என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்? மூன்றுக்கும் பதில் இல்லை. "முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க, டாக்டர் நேர்ல சொல்வார்" என்றார்கள். சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கிறது. அப்பத்தா அரசு மருத்துவமனைக்குத்தான் போய் வருகிறார். பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று அந்த டாக்டரம்மா உள்ளதை உள்ளபடி சொல்கிறார்.

முடிவாக...

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இந்த மாதிரி நோட்டீஸ் வரும். அன்றைக்கு அதைப் படித்துச் சொல்லப் போவது நீங்கள்தான். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல்லின் பூட்டைத் திறக்க நாலு சாவி போதும். ஆனால் அது முழுசாகத் திறந்ததா, பாதியில் நின்றதா என்று பார்க்கத்தான் இருபது வருஷம் ஆகிறது. அந்தச் சோதனையைக் காட்ட முடியாதவரிடம் நம் வீட்டுக் காசையும் உடம்பையும் கொடுக்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. செல்லை வைத்து மனிதனுக்கு நியாயம் பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கர்டனின் தவளையைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'சென்ட்ரிங்காரன் மகன் சென்ட்ரிங்தான்' என்று ஊரில் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் நான். வெளியே தெரியாததால் உள்ளே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்பதை ஒரு தவளை முட்டையே நிரூபித்திருக்கிறது. அதைச் செய்தவரோ 250 பேரில் கடைசி ஆள்!

பயோ-மெடிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் பக்கம் மேலே படிக்க நினைக்கும் தம்பி தங்கைகள் இந்தத் துறையைத் திரும்பிப் பாருங்கள். செல் வளர்க்கும் கருவியில் வெப்பமும் வாயுவும் மாறாமல் வைப்பது, தூசியில்லாத அறை அமைப்பது, லட்சம் செல்லில் கெட்ட ஒன்றைப் பிரித்தெடுக்கும் மெஷின் செய்வது எல்லாமே நம்ம மாதிரி ஆட்கள் செய்ய வேண்டிய வேலைதான்.